பட்டியல் எந்தப் பெட்டியில்? சஹன மென்பொருளும் நம்ம மலைகளும்

இலங்கையில் பிறந்து உலகம் சுற்றிய பொருள் எது என்று கேட்டால் நமக்குத் தேயிலைதான் உடனே ஞாபகம் வரும். இன்னொன்றும் இருக்கிறது. அது ஒரு மென்பொருள், பேர் சஹன. சிங்களத்தில் நிவாரணம், ஆறுதல் என்று அர்த்தம். 2004 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் சில வாரங்களில் எழுதினார்கள். பிறகு பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பெரு, சீனா, ஹெய்ட்டி என்று அது போய்க்கொண்டே இருந்தது. யாரும் காசு கொடுக்காமல் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். இதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

கலைப்பீடத்து ஆட்களுக்கு மென்பொருள் கதை எதற்கு, அதிலும் சேர்வர் கதை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நாங்கள் இதை வரலாறாகத்தான் பார்க்கிறோம். ஒரு பட்டியலை யார் எழுதினார்கள், எங்கே வைத்தார்கள், யார் கையில் சாவி இருந்தது என்பது வரலாற்று மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். புளத்கொகுபிட்டியப் பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் பாடக் கேள்வியும் இல்லை. அது ஏன் என்று போகப் போகச் சொல்கிறோம்.

முதலில் சேர்வர். தமிழில் வழங்கி என்று எழுதுகிறார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் செக்ரோல் தெரியும். ஒப்பீஸில் ஒரு புத்தகம், அதில் தொழிலாளர் பேர், யார் இன்றைக்கு வேலைக்கு வந்தார் என்ற அடையாளம். சம்பளம், சேமலாபம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். ஒரு நாள் சம்பளத்தையே 'பேர்' என்கிறோம், பாதிச் சம்பளத்தை 'அரைப்பேர்' என்கிறோம். அந்தச் செக்ரோலைக் கணினியில் ஏற்றி, பல இடத்திலிருந்து பல பேர் ஒரே நேரத்தில் பார்க்கவும் எழுதவும் விட்டால், அதைத் தாங்கி நிற்கிற கணினிதான் சேர்வர். அவ்வளவுதான். செக்ரோல் பற்றி எழும் கேள்வி எல்லாம் சேர்வர் பற்றியும் எழும். ஒப்பீஸ் எரிந்தால் என்ன ஆகும்? கிளாக்கர் வராவிட்டால் யார் எழுதுவது? பேரைத் தப்பாக எழுதிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

பேர் ஒரு பட்டியலில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நம்ம சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றார்கள். 1949 இல் வந்த சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. அவர்களில் ஒன்றரை லட்சம் பேருக்குக்கூட அதில் குடியுரிமை கிடைக்கவில்லை. ஆட்கள் எல்லாம் கொழுந்து எடுத்துக்கொண்டும் ரப்பர் பால் வெட்டிக்கொண்டும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தார்கள். காகிதத்தில் இல்லை. இந்த ஞாபகத்தோடுதான் சஹன கதையை வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

2004 டிசம்பர் 26. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் செத்தார்கள். ஐந்து லட்சம் பேரளவில் வீடு வாசல் இழந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் விகாரைகளிலும் தங்கினார்கள். மிக மோசமாக அடிபட்டது அம்பாறை மாவட்டம். அரசாங்கம் கொழும்பில் தேசிய செயற்பாட்டு நிலையம் என்று ஒன்றை அவசரமாக அமைத்தது. பொருள் வந்து குவிந்தது. ஆனால் எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே பால்மா இல்லை, எந்த நிறுவனம் எந்த ஊருக்குப் போகிறது, காணாமல் போன பிள்ளை வேறொரு முகாமில் இருக்கிறதா என்று ஒரே இடத்தில் சொல்ல யாராலும் முடியவில்லை. ஒரு முகாமுக்கு மூன்று லொறி போகும், அடுத்ததுக்கு ஒன்றும் போகாது.

2003 இல் சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா மென்பொருள் மன்றம் அப்போது இருந்தது. இலங்கையர்கள் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதோடு நிற்காமல் எழுதவும் வேண்டும் என்பதற்காக ஆரம்பித்த அமைப்பு அது. அதைச் சுற்றி, கம்பனிகளில் வேலை செய்த இளைஞர்கள் லீவு போட்டுவிட்டு வந்து கூடினார்கள். இரவு பகலாக எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, யாருக்கு என்ன தேவை என்ற பதிவேடு எனப் பகுதி பகுதியாக வந்தது. தேசிய செயற்பாட்டு நிலையமும் அதை ஏற்றுக்கொண்டது.

சில வாரங்களில் அந்த நிலையத்தையே கலைத்துவிட்டார்கள். வேலை வேறு செயலணிகளுக்குப் போனது. பிறகு 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது. சாதாரணமாக இப்படி ஒரு ஒப்பீஸ் மூடப்பட்டால் அதன் மென்பொருளும் கூடவே செத்துப்போகும். கம்பியூட்டரைக் களஞ்சியத்தில் போட்டுவிடுவார்கள், எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். சஹன சாகவில்லை. மூலநிரல் எந்த ஒப்பீஸின் சொத்தாகவும் இருக்கவில்லை என்பதுதான் காரணம். அது எல்லாருக்கும் திறந்திருந்தது. கட்டடம் போனாலும் வேலை போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் விடை இது. நிரல் ஒரு இடத்தில் பூட்டிக் கிடக்கக்கூடாது.

நிரல் பிழைத்தது சரி. ஆனால் நிரல் ஓடுவதற்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டிக்குக் கரன்ட் வேண்டும், லைன் வேண்டும். கொழும்பில் ஒரு பெரிய சேர்வரை வைத்துவிட்டால் கொழும்பில் இருப்பவர்களுக்கு வசதி. கல்முனையில் ஒரு பாடசாலை முகாமில் உட்கார்ந்திருப்பவருக்கு, போன் கம்பமே கடலோடு போன பிறகு, அந்தச் சேர்வர் நிலாவில் இருந்தால் என்ன, கொழும்பில் இருந்தால் என்ன?

ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்து பணக்கார நாடுகளுக்கும் தெரிந்ததுதான். சஹன எழுதப்பட்ட அதே காலத்தில், 2005 பெப்ரவரியில், அமெரிக்காவின் டாம்பா நகரத்தில் விக்கிப்பீடியாவின் சேர்வர்கள் இருந்த இடத்தில் கரன்ட் தடைப்பட்டது. ஊருக்கெல்லாம் கரன்ட் போகவில்லை. அந்த இடத்துக்குள்ளே மின்சுற்று முறிப்பான் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். தரவுத்தளங்கள் பழுதாகின. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எழுப்பி எடுக்க வேண்டியதாயிற்று. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே கூரைக்குக் கீழேதான் இருந்தது, ஆகவே அதுவும் சேர்ந்து படுத்தது. பிறகு வாசகர்கள் கொடுத்த பணத்திலும் ஆங்காங்கே நிறுவனங்கள் கொடுத்த இயந்திரங்களிலும் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அவர்கள் வேறு இடங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 2013 இல் முதன்மைத் தளத்தை வர்ஜீனியாவுக்கு மாற்றினார்கள். 2016 ஏப்ரலில், ஒரு நகரத்தின் தளம் முழுதாக விழுந்தால் இன்னொரு நகரம் தாங்குமா என்று, வேண்டுமென்றே வர்ஜீனியாவிலிருந்து டல்லாசுக்கு மாற்றிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். டாம்பாவில் கரன்ட் போன நாளிலிருந்து இந்தப் பரீட்சைக்கு பதினொரு வருடம் பிடித்தது. சமூகம் நடத்துகிற ஒரு திட்டம் ஒரே நாளில் வளர்வதில்லை. ஆனால் விழுந்ததை மறைக்காமல் எழுதி வைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

சஹன ஆட்கள் வேறு பாதையில் போனார்கள். அவர்களிடம் நகரத்துக்கு நகரம் தளம் வைக்கப் பணம் இல்லை. 2005 இல் சுவீடன் அரசின் சீடா உதவி கிடைத்தபோது, சமிந்திர டி சில்வா தலைமையில் மென்பொருளை முதலிலிருந்து திரும்ப எழுதினார்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், அப்பாச்சி ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றும் இலவசம், மூன்றும் பழைய கணினியிலும் ஓடும், எந்த நாட்டிலும் இவை தெரிந்த ஒரு இளைஞர் கிடைப்பார். உலகத்திலேயே திறமான கருவி எது என்று அவர்கள் தேடவில்லை. வெள்ளம் வந்த ஊரில் நாளைக்குக் காலையில் எதை ஓட வைக்கலாம் என்றுதான் தேடினார்கள். இறுவட்டிலிருந்து நேரே ஓடும் வடிவமும் யூஎஸ்பி குச்சியில் கொண்டுபோகும் வடிவமும் வந்தன. ஒரு மடிக்கணினியை சேர்வராக்கி, வைஃபை போட்டு, இன்டர்நெட்டே இல்லாத முகாமில் நாலு பேர் சேர்ந்து பதியலாம். பிறகு அந்தத் தரவை இன்னொரு சஹனவோடு சேர்த்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கு வைக்கும் சேர்வர் இல்லை இது, தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறும் சேர்வர்.

2005 ஒக்டோபர் 8 இல் காஷ்மீர்ப் பக்கம் பூமி அதிர்ந்தபோது பாகிஸ்தானின் தேசியப் பதிவு அதிகாரசபை சஹனவைக் கையில் எடுத்தது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்சின் தெற்கு லெய்ட்டேயில் மலை சரிந்து கின்சாவூகொன் என்ற கிராமமே மூடிப்போனபோதும், அதே வருடம் மே மாதம் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் போனது. 2006 க்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்குக் கொடுத்தது. அதற்கு முந்தின வருடம் அந்த விருதை வாங்கியது விக்கிப்பீடியா. 2009 இல் சஹனவுக்கென்று தனியே ஒரு அறக்கட்டளை அமெரிக்காவில் பதிவானது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி இடிந்தபோது, பைதனில் திரும்ப எழுதப்பட்டுக்கொண்டிருந்த புதிய வடிவமான சஹன ஈடன் பாதி வெந்த நிலையிலேயே களத்துக்குப் போனது. எந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று உலகத்தின் பல மூலையிலிருந்தும் தொண்டர்கள் பதிந்தார்கள்.

இடையில் அமெரிக்காவிலும் ஒன்று நடந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அடித்தபோது காணாமல் போனவர்களைத் தேடப் பல தளங்கள் முளைத்தன. ஒவ்வொன்றும் ஒரு பட்டியல். மகன் ஒரு தளத்தில் தேடுவார், தாய் இன்னொரு தளத்தில் "உயிரோடு இருக்கிறேன்" என்று பதிந்திருப்பார். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கையால் தட்டித் தட்டி அவற்றை ஒன்றாக்கினார்கள். அந்த வேலையிலிருந்துதான் செப்டம்பரில் ஒரு பொது வடிவம் வந்தது. அதை பிஃப் என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பேருக்கும் அது முதலில் எங்கே பதியப்பட்டது என்ற அடையாளம் ஒட்டியே இருக்கும். இன்னொருவர் புதுச் செய்தி கொண்டுவந்தால் பழையதை அழிக்காமல் கீழே குறிப்பாகச் சேர்க்க வேண்டும். சஹனவும் பிறகு இதைப் பேசக் கற்றுக்கொண்டது. பட்டியல் பல இடத்தில் இருக்கட்டும், பிரச்சினை இல்லை. ஆனால் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று பேச வேண்டும்.

இனி நம்ம மலைக்கு வருவோம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. செய்தி வந்த வேகத்தில் எண்ணிக்கையும் மாறியது. நூறு பேர் என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றும் வந்தது. நாட்கள் போகப் போகக் குறைந்து ஐம்பதுக்கும் கீழே வந்து நின்றது. எண் குறைந்தது ஆறுதல்தான். ஆனால் ஒரு லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று நாடே பல நாள் தடுமாறியது ஏன்? பாடசாலைக்குப் போன பிள்ளை, கொழும்பில் கடையில் நிற்கும் பையன், வெளிநாடு போன அம்மா இவர்களில் யார் அந்தக் காலையில் வீட்டில், யார் இல்லை என்று உடனே சொல்லக்கூடிய பட்டியல் கையில் இருக்கவில்லை. செக்ரோலில் வேலை செய்கிறவர்தான் இருப்பார். தாத்தாவும் கைப்பிள்ளையும் அதில் இல்லை.

2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்திலேயே நடந்தது. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரை மூடியது. அதே நாளில் நம்ம புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயத்து வீடுகள் புதைந்தன. பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அரநாயக்க உலகச் செய்தியானது. களுபஹன அதன் ஓரத்தில் ஒரு வரியாக வந்து போனது. இதில் யாரோடும் கணக்குத் தீர்க்க நாங்கள் வரவில்லை. இரண்டு இடத்திலும் செத்தவர்கள் ஏழைகள்தான். ஆனால் சிறிய இடத்தின் சாவு சிறிய வரியாகத்தான் பதியும் என்றால், அந்த வரியைப் பெரிதாக எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

சரி, சஹன மாதிரி ஒன்றை நம்ம பிரதேசத்துக்கு வைப்பதென்றால் எவ்வளவு பெரிய சேர்வர் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பேர், வயது, லயம், வீட்டு எண், மருந்து விவரம், உறவுக்காரரின் போன் எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோபைட். மொத்தம் 20 மெகாபைட். வட்ஸ்அப்பில் வரும் ஒரு கலியாண வீடியோவின் அளவு அது. ஆளுக்கு 100 கிலோபைட்டில் ஒரு படமும் சேர்த்தால் ஒரு கிகாபைட். சட்டைப் பையில் போடும் யூஎஸ்பியில் பல தடவை பிரதி எடுக்கலாம். ஆக, தரவின் அளவு ஒரு பிரச்சினையே இல்லை. பெரிய கட்டடமும் குளிரூட்டிய அறையும் இதற்குத் தேவையே இல்லை.

கரன்ட்தான் பிரச்சினை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரன்ட் வெட்டினார்களே, அதை அளவாக வைத்துக்கொள்வோம். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி ஐந்து வாட் அளவில் இழுக்கும். யூபிஎஸ் பெட்டிக்குள் போடும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரியில் 84 வாட் மணி இருக்கிறது. பற்றரி கெடாமலிருக்க பாதியை மட்டும் எடுத்தால் 42. ஐந்தால் வகுத்தால் எட்டு மணித்தியாலம் சொச்சம். அப்படியானால் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு இரண்டு பற்றரி. மழைக்காலத்தில் இரண்டு நாள் லைன் வராது என்று நினைத்தால் இன்னும் நாலு பற்றரி, அல்லது பக்கத்தில் ஒரு லொறியின் பற்றரி. கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை பின்னேரத்தில் போட்டு முடிக்கிற கணக்கு இது. யாரும் போடாமல் இருக்கிறோம், அதுதான் விஷயம்.

பெட்டியை எங்கே வைப்பது? தோட்ட ஒப்பீஸிலா, பாடசாலையிலா, கோயிலிலா? மண்சரிவு எச்சரிக்கை உள்ள சரிவுக்குக் கீழே மட்டும் வைக்கக்கூடாது. அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. ஒரு இடம் போதாது என்பதும் நிச்சயம். மேல் டிவிஷனில் ஒன்று, டவுனில் ஒன்று, மாவட்டத்துக்கு வெளியே ஒன்று என்று குறைந்தது மூன்று வேண்டும்.

மூன்று என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், சமீபத்துச் சம்பவம் இரண்டு இருக்கின்றன. 2021 மார்ச் 10 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஎச் கம்பனியின் ஒரு தரவு மையம் முழுதாக எரிந்தது. ஐரோப்பாவின் பெரிய கம்பனிகளில் அது ஒன்று. அங்கேயே தளத்தையும் அங்கேயே பேக்கப்பையும் வைத்திருந்த பலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின. மற்றது நம்ம நாட்டில். 2023 ஆகஸ்டில் லங்கா அரச மேகத்தை ரான்சம்வேர் தாக்கியது. அரசாங்க மின்னஞ்சல்களில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அதில் இருந்தன. அந்தக் காலத்துக்கு வெளியே தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. லைனோடு இணைந்திருந்த பேக்கப்பும் அதே பூட்டுக்குள் அகப்பட்டது. ஆகவே ஒரு பிரதியாவது லைனிலிருந்து கழற்றி வைத்ததாக இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை யூஎஸ்பியில் எடுத்து, தகரப் பெட்டியில் போட்டு, இன்னொரு ஊரில் ஒரு பெரியவர் வீட்டில் வைக்கிறது பழைய முறைதான். ஆனால் அந்த யூஎஸ்பியை எந்த ரான்சம்வேரும் தொடாது. எடுத்தால் மட்டும் போதாது, அதைத் திறந்து பார்த்து, வேறொரு கணினியில் ஓட வைத்துக் காட்டவும் வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அடுத்தது பேர். கந்தையா என்ற பேரைக் கிராம அலுவலர் சிங்களத்தில் ஒரு மாதிரி எழுதுவார், ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி எழுதுவார்கள், தோட்ட ஒப்பீஸில் மூன்றாவது மாதிரி இருக்கும். கணினிக்கு மூன்றும் மூன்று ஆட்கள். சஹனவில் ஒலிப்பை வைத்துத் தேடும் வசதியைச் சேர்த்தார்கள். ஆனால் ஆங்கில ஒலிப்புக்குச் செய்த முறை ழகரத்துக்கும் றகரத்துக்கும் சரிவராது. இந்த இடத்தில்தான் கலைப்பீடத்து ஆட்களுக்கு வேலை இருக்கிறது. மொழியியல் படிக்கிறவர், நம்ம ஊர்ப் பேர்களின் வழக்கம் தெரிந்தவர், லயத்துக்கு முகவரி எண் இல்லாதபோது 'மேல் லயம், மூனாவது காம்பரா' என்று எப்படிச் சொல்வார்கள் என்று தெரிந்தவர் இல்லாமல் எந்தப் பொறியியலாளராலும் இந்தப் பட்டியலைச் சரியாக வடிவமைக்க முடியாது. மூலநிரல் திறந்திருக்கிறது. தமிழ்ப் பேர்களுக்கு ஏற்ற தேடலை எழுதிச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

பட்டியல் காப்பாற்றும் என்று மட்டும் சொல்லி முடிக்க எங்களால் முடியாது. இந்த நாட்டில் பட்டியல் கொன்றும் இருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள். அதற்கு முன்னே 1977 இலும் 1981 இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் நம்ம ஆட்கள் அடிவாங்கி ஓடினார்கள். ஒரு தோட்டத்தில் யார் யார், என்ன வயது, எந்தக் காம்பரா என்று ஒரே இடத்தில் வைத்திருப்பது ஆபத்தான பொருளையும் வைத்திருப்பதுதான். ஆகவே சேர்வர் திட்டம் என்று எழுதும்போதே, யாருக்கு எதைப் பார்க்க அனுமதி, யார் பார்த்தார் என்ற குறிப்பு எங்கே பதியும், தரவு பூட்டிய வடிவில் இருக்கிறதா, எப்போது அழிப்போம் என்பதெல்லாம் சேர்ந்தே வர வேண்டும். பிஃப் வடிவத்தில் பிறகு ஒரு காலாவதித் திகதி சேர்த்தார்கள். அந்த நாள் வந்தால் பதிவு அழிய வேண்டும். முகாம் கலைந்து எல்லாரும் வீடு போன பிறகும் அவர்களுடைய நோய் விவரம் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் கிடக்கக்கூடாது.

கடைசியாக, சாவி. கட்டற்ற மென்பொருள் இலவசம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்வது இலவசம் இல்லை. தளப் பேருக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும், பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டும், பற்றரி மாற்ற வேண்டும். தொண்டர் திட்டங்கள் பெரும்பாலும் விழுவது இந்த இடத்தில்தான். பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கும். அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும், கதை முடிந்துவிடும். சஹன ஒரு அறக்கட்டளையாகப் பதிவானதற்கு விருது மட்டும் காரணமில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். ஆட்கள் மாறினாலும் பொறுப்பு மாறாமல் நிற்க ஒரு ஏற்பாடு வேண்டும். நம்ம ஊர் அளவில் அது ஒரு சங்கமாக இருக்கலாம், வாசிகசாலையாக இருக்கலாம், பழைய மாணவர் சங்கமாக இருக்கலாம். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஒருவராவது ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், கரன்டை வேண்டுமென்றே நிறுத்திப் பெட்டியை ஓட்டிப் பார்க்கட்டும்.

சுனாமி நேரத்தில் கொழும்பில் கூடிய இளைஞர்களுக்கு யாரும் ஆணை கொடுக்கவில்லை. அலை அடித்த பிறகு எழுதத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. நிரல் எழுதியாகிவிட்டது, பெட்டி மலிவு, கணக்கும் மேலே போட்டாயிற்று. தென்மேற்குப் பருவமழை ஒவ்வொரு மே மாதமும் வரும், நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாம். லயத்து லயமாகப் போய், சம்மதம் கேட்டு, பேரை அந்த வீட்டு ஆள் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்வதுதான் மிச்சம் இருக்கிற வேலை. அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. இரண்டு கால், ஒரு கொப்பி, அந்த மக்களின் நம்பிக்கை இருந்தால் போதும். முதல் இரண்டும் நம்மிடம் இருக்கின்றன, மூன்றாவதை வாசல் வாசலாகப் போய்த்தான் சம்பாதிக்க வேண்டும்.